எவன் பைசா தாரான்? காட்ஸ் அன்செயின்டில் என்னுடைய 280 மணி நேரம்

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடியோ கேம் என்றால் பழைய நோக்கியா போனில் பாம்பை ஓட்டியதோடு சரி. 2021 டிசம்பரில் அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "சித்தி, சீட்டு விளையாட்டுதான். ஓசி. ஜெயிச்சா பைசா கிடைக்கும்."

எட்டு வயதில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தவள் நான். அம்மாவும் மாமாவும் எதிரெதிர் கட்சி, துருப்பை மறைத்து வைத்துக்கொண்டு சண்டை போட்டால் விடிய விடியப் போகும். அதனால் சீட்டு என்றதும் கை அரித்தது. ஆனாலும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. "எவன் பைசா தாரான் மக்கா? எதுக்குத் தாரான்?" என்றேன். அவனிடம் பதில் இல்லை. "கம்பெனி தரும் சித்தி" என்று மழுப்பினான். இந்த விமர்சனம் அந்தக் கேள்விக்கு நானே தேடிக்கொண்ட பதில்தான். தேடி முடிக்க இரண்டு வருடம் ஆனது.

ஆட்டத்தின் பெயர் காட்ஸ் அன்செயின்டு. ஆஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த இம்யூட்டபிள் நிறுவனம் உருவாக்கியது. மேஜிக் தி கேதரிங் அரீனா என்ற கணினிச் சீட்டாட்டத்தில் வேலை பார்த்த கிறிஸ் கிளே இதன் கேம் டைரக்டராக இருந்தவர், ஆடிப் பார்த்தால் அந்தக் கை தெரியும். அதே வகை ஆட்டமான ஹார்த்ஸ்டோன் ஆடியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். என்னைப் போல இரண்டும் தெரியாதவர்களுக்கு ஒரு வாரம்.

உட்காரும்போதே இரண்டு விதி போட்டுக்கொண்டேன். ஒன்று, என் காசு ஒரு பைசா உள்ளே போகாது. ஓசி என்று சொன்னால் ஓசியாகவே ஆடிப் பார்ப்பது. இரண்டு, ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதுவது. தேதி, எந்தக் கடவுள், ஜெயமா தோல்வியா, எத்தனை நிமிடம், என்ன கிடைத்தது. நீல அட்டை போட்ட நூறு பக்க நோட்டு. அது தீர்ந்து இரண்டாவதும் வாங்கினேன். (அந்த நோட்டு விலையைச் செலவில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும்.)

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது. ஆளுக்கு முப்பது சீட்டு, முப்பது உயிர். ஆறு கடவுள்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: இயற்கைக்கு செலீனா, போருக்கு ஆரோஸ், மரணத்துக்கு மலிசஸ், ஒளிக்கு லைசாண்டர், மாயத்துக்கு எலிரியன், வஞ்சகத்துக்கு லுடியா. எதிராளியின் கடவுள் யார் என்று பார்த்த பிறகு, நம் கடவுளின் நான்கு சக்திகளில் ஒன்றை எடுக்கலாம். எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான். இருபத்தெட்டில் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து ஏலம் கேட்போம். இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக் கேட்கிறோம். லுடியாவை எடுத்தவன் நம்மை ஏமாற்றத்தான் வந்திருக்கிறான் என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனால் எந்த இடத்தில் என்றுதான் தெரியாது.

அடுத்தது சாங்டம். மேசை ஓரத்தில் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் விரித்து வைத்திருக்கும் சீட்டுகள் இருவருக்கும் பொது. ஆடும்போது சேரும் ஃபேவர் என்ற புள்ளியைக் கொடுத்து வாங்கலாம். நான் இன்று வாங்காமல் விட்டது நாளை எதிராளி கையில் என் கழுத்துக்கு வரலாம். தேவையே இல்லாத ஒரு சீட்டை, அவன் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே வாங்கியிருக்கிறேன், எங்கள் தெருவில் காலி மனை வாங்குகிறவர்கள் மாதிரி. சீட்டு வரும் வரிசை அதிர்ஷ்டம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எப்போது புள்ளியைச் சேர்த்து வைப்பது, எப்போது செலவழிப்பது, முன்னால் காவல் நிற்கும் ஃப்ரன்ட்லைன் சீட்டை எந்த ஆட்டத்துக்கு எடுத்து வைப்பது என்பதெல்லாம் முழுக்க ஆடுகிறவர் தலையில் இருக்கிறது. தொடங்கின மாதம் என் நோட்டில் பத்துக்கு மூன்று ஜெயம். ஆறாவது மாதம் பத்துக்கு ஐந்தைத் தாண்டியது. சீட்டுகள் பெரிதாக மாறவில்லை, நான்தான் மாறியிருந்தேன். திறமைக்கு மதிப்பு உண்டு என்று சொல்வதில் இந்தப் பாதி சுத்தமான உண்மை.

ஓசி என்பதும் உண்மைதான். கணக்குத் தொடங்கினதும் ஒரு தொடக்கக் கட்டு தருகிறார்கள், ஆட ஆட நிலை உயர்ந்து கோர் எனப்படும் அடிப்படைச் சீட்டுகள் பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கின்றன. ரஸ்டட் பிரான்ஸ் என்ற துருப்பிடித்த வெண்கலத்தில் தொடங்கி மேலே மிதிக் வரை ஏணி. நான் காசு போடாமல் ஆரிக் கோல்டு வரை ஏறினேன். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் காசு கொடுத்து வாங்கின கட்டுகள். அவர்களை ஜெயிக்கவே முடியாது என்று இல்லை, மூன்றில் ஒன்று ஜெயிக்கலாம். மற்ற இரண்டைத் தாங்கிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை.

சரி, பைசா கதைக்கு வருகிறேன்.

மற்ற கேம்களில் நாம் சேர்க்கும் சீட்டு கம்பெனியின் சர்வரில் ஒரு எழுத்து, கடையை மூடினால் போச்சு. இங்கே சீட்டு எத்தீரியம் என்ற பொதுப் பேரேட்டில் நம் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது, வேண்டாம் என்றால் சந்தையில் விற்கலாம். ஆனால் நான் ஆடின காலத்தில் ஓசியில் கிடைக்கும் கோர் சீட்டு அப்படியே விற்பனைக்குப் போகாது. ஒரே சீட்டில் இரண்டு பிரதி வேண்டும், ஆடி ஜெயித்துச் சேர்த்த ஃபிளக்ஸ் என்ற புள்ளி வேண்டும், கூடவே காட்ஸ் என்ற கிரிப்டோ நாணயமும் வேண்டும். மூன்றையும் ஃபோர்ஜ் என்ற உலையில் போட்டால் மீட்டியரைட் பளபளப்போடு ஒரு சீட்டு வெளியே வரும். அதுதான் சரக்கு. அதற்கு மேலே ஷேடோ, கோல்டு, டயமண்டு என்று பளபளப்புக்கும் ஜாதி உண்டு.

அப்புறம் வார இறுதிப் போட்டி. அதிகபட்சம் இருபத்தைந்து ஆட்டம், எத்தனை ஜெயம், எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துப் பரிசுப் பொட்டலம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மீன் வாங்கி வந்து குழம்பு கொதிக்கும் நேரத்தில் இரண்டு ஆட்டம், ஞாயிறு மதியம் எல்லோரும் தூங்கின பிறகு ஆறு ஆட்டம் என்று முடிப்பேன். அந்தக் காலத்தை நான் ரசித்தேன். பொட்டலத்தைப் பிரிக்கும் நொடியில் காசைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

பிறகு தினசரி முறை வந்தது. ஜெயித்தால் ஃபிராக்மெண்ட் என்ற துண்டுகள் கிடைக்கும். அன்றைய நாளுக்கென்று ஒரு குறிப்பிட்ட அளவு காட்ஸ் நாணயம் அண்டாவில் இருக்கும். யார் எத்தனை துண்டு சேர்த்திருக்கிறார்களோ அந்த விகிதத்தில் அண்டா பங்கு போடப்படும். இந்த இடத்தில்தான் நான் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் நேற்றைவிட நன்றாக ஆடினாலும், இன்று கூட்டம் அதிகமென்றால் என் பங்கு குறையும். கோயில் அன்னதானத்தில் அண்டா ஒன்று, வரிசை நீண்டால் கரண்டி சின்னதாகும். சரி, அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஏணியில் மேலே நிற்பவனுக்குப் பெரிய கரண்டி, அதுவும் நியாயம், திறமைதானே. ஆனால் கட்டில் பளபளப்புச் சீட்டு வைத்திருப்பவனுக்கும் பெரிய கரண்டி. ஒரே சீட்டு, ஒரே வலிமை, ஒரே ஜெயம். அவனுடையது மின்னுவதால் கூலி அதிகம். காசு கொடுத்து மின்னுகிறவனும் நானும் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

திறமைக்குப் பரிசு என்று இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். திறமைக்கு உண்டு, முதலீட்டுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே கரண்டியில் கலந்து ஊற்றினால் எது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. தணிக்கையில் நாங்கள் இப்படிப்பட்ட பதிவைப் பார்த்தால் பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போடுவோம்.

இனி முதல் கேள்வி: எவன் தாரான்? அண்டாவில் இருப்பது ரூபாயும் இல்லை, டாலரும் இல்லை. கம்பெனி அச்சடித்த காட்ஸ் நாணயம், மொத்தம் 50 கோடிக்கு மேல் போகாது என்று உச்சவரம்பு. 2022 மார்ச்சில் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் முன்னின்று 20 கோடி டாலர் முதலீடு இம்யூட்டபிளுக்கு வந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் என் கைக்கு வரும் பாதை எதுவும் கிடையாது. எனக்குத் தருவது கேன்டீன் டோக்கன். அதைக் காசாக்க, கேன்டீன் வாசலில் இன்னொருவன் அதை வாங்கத் தயாராக நிற்க வேண்டும். அவன் எவ்வளவுக்குக் கேட்கிறானோ அதுதான் விலை. 2021 கடைசியில் நாணயம் சந்தைக்கு வந்த புதிதில் 8 டாலரைத் தாண்டியது. 2022 நடுவில் அரை டாலருக்கும் கீழே. அதற்கிடையில் என் ஆட்டம் மூன்று படி ஏறியிருந்தது. என் கூலி படியிறங்கியதற்கும் என் ஆட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதையெல்லாம் அறிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையில் அந்த மாதங்களில்தான் மோசமாக ஆடினேன். விலைப் படத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு மறு பக்கம் ஆடுவது. பிடித்த செலீனாவை விட்டுவிட்டு, எந்தக் கட்டு சீக்கிரம் முடியுமோ அந்தக் கட்டு. தோற்கப்போவது தெரிந்தால் நேரம் மிச்சம் என்று பாதியில் கைவிட்டுவிடுவது. இருபத்தெட்டில் அம்மாவிடம் அப்படிச் செய்திருந்தால் சீட்டுக்கட்டால் தலையில் அடித்திருப்பார்.

விற்கும் நாள் 2024 ஜனவரியில் வந்தது. தொடங்குவது எவ்வளவு சுலபமோ வெளியே வருவது அவ்வளவு கஷ்டம். ஆட்டத்துக்குள் சீட்டு கை மாறுவதற்கு கேஸ் என்ற பரிவர்த்தனைக் கட்டணம் கிடையாது, இம்யூட்டபிள் எக்ஸ் என்ற மேல்தளம் அதற்காகவே கட்டப்பட்டது. ஆனால் அங்கிருந்து எத்தீரியத்தின் அடித்தளத்துக்கு இறக்கி கிரிப்டோவை ரூபாயாக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப அந்தக் கேஸ் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணத்துக்கு நாம் அனுப்பும் தொகை ஒரு பொருட்டே இல்லை. நூறு ரூபாய் அனுப்பினாலும் நூறு லட்சம் அனுப்பினாலும் அந்த நேரத்து நெரிசலுக்கு ஏற்ப ஒரே கூலி. வெள்ளிக்கிழமை ராத்திரி பார்த்தபோது ரூ.1,500 பக்கம் காட்டியது. ஞாயிறு விடியற்காலை, வெள்ளைக்காரர்கள் தூங்கும் நேரம், ரூ.640க்கு இறங்கியது. அதைக் கட்ட எத்தீரியத்தின் நாணயமான ஈதர் வேண்டும், ஈதர் வாங்கக் காசு வேண்டும். ஒரு பைசா போடமாட்டேன் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவள், கடைசிப் பக்கத்தில் ரூ.640 செலவு எழுதினேன், என் காசை வெளியே எடுப்பதற்கு.

எக்ஸ்சேஞ்சின் பெயர் வேண்டாம். பான், ஆதார், செல்ஃபி எல்லாம் கொடுத்து பதினோரு நாள் காத்திருந்தேன். செல்ஃபியில் பொட்டு வைத்திருந்ததால் ஆதார்ப் படத்தோடு ஒத்துப்போகவில்லையாம். பொட்டை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்தேன். அந்தப் பதினோரு நாளில் இன்னொரு கூத்து. உதவிக் குழு என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவர் அக்கா மகனுக்குத் தனிச் செய்தி அனுப்பி, நாணயத்தையும் சீட்டையும் திறக்கும் சாவியான வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களைக் கேட்டிருக்கிறார். பையன் ஏழு சொல் வரை தட்டிவிட்டான். "லேய் மக்கா, பீரோ சாவிய தெருவுல போறவன்கிட்ட குடுப்பியா?" என்று நான் கத்தின சத்தத்தில் நின்றது. நல்லவேளை, அனுப்பு என்பதை அழுத்தவில்லை. இந்தப் பன்னிரண்டு சொல்லை யாராவது கேட்டால் திருடன், அவ்வளவுதான். கம்பெனிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ அது தேவையே படாது. காகிதத்தில் எழுதி, பட்டுப்புடவை மடிப்பில் வைத்திருக்கிறேன்.

மொத்தமாகக் கைக்கு வந்தது ரூ.6,340. இனி என் தொழில் பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 1961 வருமான வரிச் சட்டம் 115பிபிஎச் பிரிவில் 30 சதவீதம், மேலே 4 சதவீத செஸ், ஆக 31.2. வாங்கின விலையை மட்டும்தான் கழிக்கலாம். நான் வாங்கவே இல்லை, சம்பாதித்தது, அதனால் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டேன். கேஸ் கட்டணத்தைக் கழிக்க முடியாது. லேப்டாப், கரண்டு, நெட் எதுவும் முடியாது. ஒன்றில் நஷ்டம் வந்தால் இன்னொன்றின் லாபத்தில் சரிக்கட்டவும் முடியாது. எக்ஸ்சேஞ்சு பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் தனி, அது பிறகு வரியில் கழியும். எல்லாவற்றையும்விட எரிச்சல், இத்தனை வருடம் ஐடிஆர்-1 என்ற எளிய வரிப் படிவத்தில் பத்து நிமிடத்தில் முடித்தவள், இந்த ஆறாயிரத்துச் சொச்சத்துக்காக ஐடிஆர்-2க்கு மாறி, கிரிப்டோவுக்கென்று இருக்கும் ஷெட்யூல் விடிஏ நிரப்ப வேண்டியதாயிற்று. வரி ரூ.1,978.

6,340இல் 1,978ஐயும் 640ஐயும் கழித்தால் 3,722. நோட்டுக் கணக்குப்படி மொத்தம் 280 மணி நேரம். மணிக்கு ரூ.13.29. எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு டீ. வடை சேராது.

இதைக் காட்டினபோது அக்கா மகன், "மேல இருக்கவன் லட்சத்துல எடுக்கான் சித்தி" என்றான். எடுக்கலாம். 2018இல் ஹைபீரியன் என்ற ஒரே ஒரு பிரதிச் சீட்டு 146 ஈதருக்கு ஏலம் போனது, அன்றைக்கு 60 ஆயிரம் டாலருக்கும் மேல். அந்தச் சீட்டு நன்றாக ஆடினதற்காகக் கிடைத்ததல்ல, வாங்கிக்கொண்டது.

நியாயத்துக்கு இதையும் சொல்கிறேன், இதே துறையில் இதைவிடக் கெட்டது உண்டு. 2021இல் பிலிப்பைன்ஸ் முழுக்க ஆக்சி இன்ஃபினிட்டி என்ற கேமைப் பைத்தியம் பிடித்து ஆடியது. அப்போது அதில் நுழையவே ஆக்சி என்ற பிராணி மூன்று வாங்க வேண்டும், இல்லாதவர்கள் இருப்பவனிடம் இரவல் எடுத்து ஆடி வரவைப் பங்கு போட்டார்கள். 2022 மார்ச்சில் நாணயங்களை ஒரு பேரேட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அதன் ரோனின் பாலத்தை உடைத்து 60 கோடி டாலருக்கு மேல் கொள்ளை போனது. அதோடு ஒப்பிட்டால் காட்ஸ் அன்செயின்டில் காசு போடாமல் உள்ளே வந்தவள், காசு இழக்காமல் வெளியே வர முடிந்தது. நான் இழந்தது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்.

கடைக்காரர்களுக்கே இதை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை. 2021 அக்டோபரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை இந்த வகை ஆட்டங்களையே வேண்டாம் என்றது. எபிக் கடை ஏற்றுக்கொண்டது, 2023 டிசம்பரில் அமெரிக்க கேம் மதிப்பீட்டு வாரியம் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தியதும் எடுத்தது, விதியைத் திருத்தி மறுபடி வைத்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தில் திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் எடுபடாது. காசு கட்டி, காசு ஜெயிக்கும் நோக்கத்தில் ஆடும் ஆட்டத்தை நடத்தத் தடை. ஓசியாக ஆடுவது ஒரு பக்கம். நாணயம் சம்பாதிப்பதற்காகவே சீட்டுக்குக் காசு போடும் எண்ணம் இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், என்னைப் போன்ற கணக்குப்பிள்ளையை அல்ல.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஆட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு. படங்கள் அழகு, ஆறு கடவுளும் ஆறு விதம், சாங்டத்துக்காகவே ஒரு மதிப்பெண் கூடுதல். சம்பாத்தியத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் பையனுக்கு வரிச்சட்டம் சொல்லிக்கொடுக்க உதவியதற்காக. சீட்டு விளையாட்டு பிடிக்கும், நாணயம் வந்தால் வரட்டும் என்று இருப்பவர்கள் தாராளமாக ஆடலாம். வேலை இல்லாத பிள்ளைகள் இதை வேலையாக நினைத்து உட்கார்ந்தால் வீட்டில் இருப்பவர்கள் மணிக்கு எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். நாணயத்தின் எண்ணிக்கையை எழுத வேண்டாம், ரூபாயை எழுதச் சொல்லுங்கள்.

அக்கா மகனுக்கு இப்போது திருவனந்தபுரத்தில் வேலை. போன பொங்கலுக்கு வந்தபோது நாலு பேராக உட்கார்ந்து இருபத்தெட்டு ஆடினோம், அம்மா கட்சி ஜெயித்தது. ஆட்டத்தில் எல்லாச் சீட்டையும் விற்ற நான் ஒன்றை மட்டும் விற்கவில்லை. முதன்முதலாக உலையில் போட்டு எடுத்த மீட்டியரைட் சீட்டு, செலீனா கட்டில் இருந்தது. கடைசியாகப் பார்த்தபோது விலை நாலு ரூபாய். விற்றால் ஷெட்யூல் விடிஏ-வில் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும்.